கூச்சமும் கருத்தடையும்

"ஆணுறை" என்ற சொல்லைத் தலைப்பில் இடக்கூடாது என்பது நான் முன்பு பணியாற்றிய ஆசிரியபீடத்தில் எழுதப்படாத விதி. "குடும்பக் கட்டுப்பாடு" என்றால் மன்னிக்கப்படும். இத்தனைக்கும் 1973ஆம் ஆண்டிலேயே "பிரீத்தி" என்ற பெயரில் ஆணுறை இலங்கைக் கடைகளுக்கு வந்துவிட்டது. (பிரீத்தி என்றால் மகிழ்ச்சி. பெயரிட்டவர் இரசனை மிக்கவர்தான்!)

அமெரிக்கக் கணக்கின்படி, ஒவ்வொரு முறையும் பிழையின்றி ஆணுறை அணிந்தால் ஓராண்டில் 100 பெண்களில் 2 பேரே கருவுறுவர். நடைமுறையிலோ 13 பேர். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டால் ஒருவருக்கும் குறைவு. மறதி சேர்ந்தால் 7.

இந்த இடைவெளிக்குப் பெரும்பாலும் பாவனையே காரணம். இடையில் அணிவது, சில நாட்களில் அணியாமலே விடுவது, பணப்பையில் மாதக்கணக்காக வெப்பத்தில் வைத்திருப்பது. நம்மவர் கைக்கு எளிதில் எட்டும் தேங்காயெண்ணெய் ஆணுறையின் இறப்பரை நலிவடையச் செய்யும் என்பதை எத்தனை பேருக்கு எவர் சொன்னார்?

செப்புக் கம்பி சுற்றிய லூப் எவருடைய ஞாபகத்தையும் நம்பியிருப்பதில்லை; ஓராண்டில் 100 பேரில் ஒருவரளவிலேயே தவறும். ஆனால் எச்.ஐ.வி.யை அது தடுக்காது. தொற்று ஐயம் இருக்குமாயின், லூப் பொருத்திய பெண்ணின் கணவரும் ஆணுறை அணியவே வேண்டும். அதைக் கணவரிடம் எப்படிக் கேட்பது என்று வாசகி ஒருவர் எங்களுக்கு எழுதியிருந்தார். அக்கடிதம் பிரசுரமாகவில்லை.