இது மியூசிக்டா!

செல்போனில் ஓர் இறுதிச் சடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2023, டிசம்பர் 8. அயர்லாந்தின் டிப்பரரி பகுதியில் நீனா என்கிற சின்ன ஊர். மாதா கோயிலுக்குள் சவப்பெட்டி. வந்திருந்தவர்களில் அந்த நாட்டு ஜனாதிபதியும் ஒருவர். பாட்டு ஆரம்பித்தது. மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் வேகம் பிடித்ததும், இறந்தவரின் குடும்பத்தார் எழுந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

என் மகள் எட்டிப் பார்த்தாள். ''என்னப்பா இது, டெத்துக்குப் போய் டான்ஸ் ஆடுறாங்க?''

''ஏன், நம்ம ஊர்ல ஆட மாட்டாங்களா?'' என்றேன்.

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதையே வேறொருவன் என்னிடம் சொன்னான். அதற்கு நான் சொன்ன பதில் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

1992. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை. பாட்டு லிஸ்ட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால், நாலு நாள் கழித்து பதிவு செய்து தருவார்கள். தொண்ணூறு பங்கு இளையராஜா. மீதிப் பத்துக்கு நாங்கள் மூன்று பேர்.

ஒருவர், நாகல்நகர் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன். வலது கட்டைவிரலில் நகம் இருக்காது. பிரஸ்ஸில் போனது. இன்னொருவன், நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் காலேஜுக்கு வந்துகொண்டிருந்த என் நண்பன். மூன்றாவது நான். பழைய புத்தகக் கடையில் ஆங்கிலப் பத்திரிகை வாங்கிப் படித்துவிட்டு, மற்ற இரண்டு பேருக்கும் 'விளக்கம்' சொல்லும் ஆள்.

அண்ணனுக்குப் பிடித்தது 'பிளாக் சபாத்'. 1970-ல் வந்த 'பாரனாய்ட்' ஆல்பத்தை நாடா தேயும் வரை கேட்டார். அதில் 'அயர்ன் மேன்' என்று ஒரு பாட்டு. ஆரம்பத்தில் டிரம் மட்டும் தனியாகத் தொம்... தொம்... என்று விழும். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்.

''இது எங்க பட்டறைச் சத்தம்யா. இதைப் போட்டவன் கண்டிப்பா இரும்புல வேலை பார்த்தவனா இருப்பான்.''

நான் சிரித்தேன். ''அண்ணே, இது ஹெவி ராக். புளூஸ்லேருந்து வந்தது'' என்றேன், பெரிய பண்டிதன் மாதிரி.

நண்பனின் கேசட் வேறு ரகம். அவன் சொந்தக்காரர் ஒருவர் கொடைக்கானல் ஹோட்டலில் ரூம் பாய். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. 'தி போக்ஸ்' என்கிற குழுவின் 1988 ஆல்பம். லண்டனில் பிழைக்கப் போன அயர்லாந்துக்காரர்களின் பிள்ளைகளும், அவர்களோடு சேர்ந்துகொண்ட உள்ளூர்ப் பையன்களுமாகச் சேர்ந்து 1982-ல் ஆரம்பித்த குழு. தாத்தா காலத்து நாட்டுப்பாட்டை எடுத்து, பங்க் ராக் வேகத்தில், தொண்டை கிழியப் பாடுவார்கள். அக்கார்டியன், பாஞ்சோ, தகரக் குழல். அந்தக் குழல் ஊதுகிற ஆள், ஆரம்ப நாட்களில் பீர் டிரேயைத் தன் தலையிலேயே டமால் டமாலென்று அடித்துத் தாளம் போட்டவர். பாடகர் ஷேன் மக்கவனுக்குப் பல்லும் சரியில்லை, குடியும் ஜாஸ்தி. ஆனால், எழுத்து அசாத்தியம்.

அயர்லாந்திலேயே இவர்களைத் திட்டினார்கள். 'நம் பாரம்பரிய இசையைக் குடிகாரச் சத்தமாக்கிவிட்டார்கள்' என்று மரபு இசைக்காரர்கள் சிலர் கொதித்தார்கள். ரசிகர்களுக்குள்ளும் தீராத சண்டை ஒன்று உண்டு. 1985-ல் வந்த இரண்டாவது ஆல்பம்தான் அசல், எல்விஸ் காஸ்டெல்லோ அதை மெருகு போடாமல் அப்படியே பதிவு செய்தார் என்பது ஒரு கட்சி. இல்லை, 1988-தான் உச்சம் என்பது இன்னொரு கட்சி.

எங்கள் கட்சிச் சண்டை டீக்கடை பெஞ்சில். ஒரு சாயங்காலம் கடைக்காரர் அந்தக் கேசட்டைச் சத்தமாகப் போட்டார். நண்பன் பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். தகிட தகிட, தகிட தகிட. முகமெல்லாம் சிரிப்பு.

''டேய், எங்க ஊர்ல எழவு வீட்டுல தப்பு அடிப்பாங்கல்ல... அச்சு அசலா அதே அடிடா. கேட்டா ஆடணும்போல இருக்கு.''

எங்கள் பக்கத்தில் பறையைத் தப்பு என்றுதான் சொல்வோம்.

''போடா, சாவுக் கொட்டும் இதுவும் ஒண்ணா? அது வெறும் சத்தம். இது மியூசிக்டா!'' என்றேன்.

அவன் தட்டுவதை நிறுத்தினான். டீயைக் குடித்து முடித்தான். எழுந்து போகும்போது, ''கேசட் உன்கிட்டயே இருக்கட்டும்'' என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பின் அந்தக் கடைப் பக்கம் வரவில்லை. காலேஜில் பார்த்தால் தலையாட்டுவான். அவ்வளவுதான்.

ஒரு மாசம் கழித்து அண்ணன்தான் சொன்னார். ''அவங்கப்பா தப்பு அடிக்கிறவருடா. இழவு விழுந்தா ராத்திரி பூராம் தெருவுல நின்னு அடிக்கணும். அந்த வீட்டுத் திண்ணையில உக்கார முடியாது. அவன் காலேஜுல யார்கிட்டயும் இதைச் சொன்னதில்ல. அன்னிக்கி உன்கிட்ட சொல்ல வந்தான்.''

நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடுமே என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். படிப்பு முடிந்தது. நான் சென்னை வந்துவிட்டேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். 'பிளாக் சபாத்' கிடாரிஸ்ட் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். பதினேழு வயதில், வேலையை விடுகிற கடைசி நாளன்று, மிஷின் அவரது வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடது கைக்காரர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டு வாசித்தார். வலி தெரியாமலிருக்க மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு சுருதியையும் இறக்கினார். உலகம் 'ஹெவி' என்று கொண்டாடிய கனத்தில் பாதி, அந்த வெட்டுப்பட்ட விரல்களிலிருந்து வந்தது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் 2025 ஜூலையில் காலமானபோது பர்மிங்ஹாமே தெருவுக்கு வந்து அழுதது.

இன்னொன்று. பர்மிங்ஹாமிலிருந்து இருபது கிலோமீட்டர் வாக்கில் வில்லன்ஹால் என்று ஓர் ஊர். பல தலைமுறையாக அங்கே என்ன தொழில் தெரியுமா? பூட்டு!

நாகல்நகர் அண்ணன் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்.

நண்பன் சொன்னதும் அப்படித்தான். அயர்லாந்து 'ஜிக்' ஆட்டத்துக்கு ஆறு எண்ணிக்கைத் தாளம், மூன்று மூன்றாக விழும். நம் கொட்டிலும் அந்த நடை உண்டு. அதே திண்டுக்கல்லில் சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில், தலித் பெண் பிள்ளைகள் தப்பை மாட்டிக்கொண்டு மேடையில் நிமிர்ந்து நின்று அடிக்கிறார்கள். ஜோய் ஷெரினியன் என்கிற அமெரிக்க இசை ஆய்வாளர் அவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். எழவு வீட்டு வாசலில் அடிக்கச் சொல்லி யாரோ கட்டளையிட்டால் அது ஒன்று; நானே எடுத்து அடிக்கிறேன் என்றால் அது வேறொன்று. தோலும் குச்சியும் அதேதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனைப் பார்த்தேன். அலிகார் பூட்டு விலை குறைவாக வந்து, பட்டறை எப்போதோ மூடியாகிவிட்டது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். ''பட்டம் வந்துச்சு, பட்டறை வரலையே'' என்றார். அயோமியின் விரல் கதையைச் சொன்னதும் நகமில்லாத கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்தார். ''நான் அப்பவே சொன்னேன்ல?''

அவரிடம்தான் நண்பனின் நம்பர் இருந்தது. இப்போது திருப்பூரில் இருக்கிறானாம். அப்பா போய்ப் பத்து வருஷமாச்சாம்.

ராத்திரி அந்தத் தேவாலய வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். கீழே என்ன எழுதுவதென்று தெரியாமல் நாலு தடவை அழித்து எழுதினேன். கடைசியில் ஒரே வரி: 'அன்னிக்கு நான் சொன்னது தப்புடா.'

இரண்டு டிக் நீலமானது. பதில் இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை.

காலையில் வந்திருந்தது.

'எங்கப்பா அடிச்சதுதான்டா தப்பு. நீ சொன்னது வெறும் சத்தம். கேசட் இருக்கா?'

இருக்கிறது. மேஜை டிராயரில், உறை கிழிந்து, நாடா கொஞ்சம் சுருங்கி. கூரியரில் போட்டுவிடலாம்தான். மனசு வரவில்லை. அடுத்த ஞாயிறு, திருப்பூருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.