உப்பைக் கரைத்து ஊற்றியது யார்?

நாய் சாக்லேட் தின்றுவிட்டது என்று ஒரு வீட்டில் சத்தம் கேட்டால், அடுத்த குரல் "உப்பைக் கரைச்சு ஊத்து" என்றுதான் வரும். என் அத்தை சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், இப்போது பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். கால்நடை மருத்துவர்கள் மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். பத்து கிலோ எடையுள்ள நாயைப் படுக்க வைக்க 20, 30 கிராம் உப்பு போதும். 40 கிராம் உயிரையே வாங்கலாம். அத்தை கல்லுப்பை அள்ளுகிற அள்ளலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதே நாய்க்குப் பால் சாக்லேட்டால் தொந்தரவு வர ஏறக்குறைய 100 கிராம் உள்ளே போக வேண்டும். மிட்டாயைவிட மோசமான இந்த வைத்தியத்தை யார் கிளப்பிவிட்டது?

மதுரையில் பழைய புத்தகக் கடைகளில் துழாவினேன். மாட்டு வாகடம் கிடைத்தது. மாட்டின் வயிறு உப்பினால் என்ன செய்வது என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். நாயைப் பற்றிப் பேச்சே இல்லை.

தேனிப் பக்கம் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். கால்நடை மருந்தகத்தில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். "ஐயா, நாய்க்கு உப்புத் தண்ணி கொடுக்கிறது எப்ப வந்த பழக்கம்?" என்றேன்.

"எப்பவும் உண்டு."

"சாக்லேட்டுக்கா?"

"எதுக்கும்."

அதற்கு மேல் நகரவில்லை. கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்குத் தாவினார். தடுப்பூசிக் குப்பியை ஈரத்துணியில் சுற்றி சைக்கிளில் கொண்டுபோன கதையைச் சொன்னார். நான் மறுபடி உப்புக்கு இழுத்தேன். அவர் மறுபடி கோழிக்குப் போனார். இவரிடம் சரக்கு இல்லை என்று எழுந்தபோதுதான், "தம்பி, அப்ப சாக்லேட்டு ஏது? கறித்துண்டுல்ல!" என்றார்.

உட்கார்ந்துவிட்டேன்.

"முனிசிபாலிட்டி ஆளு கறியில மருந்து வச்சுப் போடுவான். தெருநாய்க்குப் போட்டத வீட்டு நாய் தின்னுட்டு வந்துரும். செத்த நேரத்துல வெறைச்சுக்கிட்டு இழுக்கும். டாக்டரு எங்க வர்றது? கையில இருக்கிறது உப்பு. வெறைக்கிறதுக்கு முன்னால கக்குனா பிழைச்சுது."

அந்த மருந்து ஸ்ட்ரிக்னின். எட்டி விதையில் இருப்பது. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யச் சொல்லும் விதிகள் வந்தது 2001-இல்தான். எல்லா வீட்டு உப்பும் அந்தக் கறித்துண்டிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். அரளி விதையை அரைத்துக் குடித்த மனிதர்களுக்கும் ஊரில் இதே வைத்தியம்தான். ஆனால் உப்பில் இருந்த அவசரம் யாருடையது என்று விளங்கிவிட்டது. நிமிடக் கணக்கில் கொல்லும் விஷத்துக்கான பதற்றம் அது.

சாக்லேட் அப்படிப்பட்டதல்ல. அதிலுள்ள தியோப்ரோமினை 1841-இல் கொக்கோ விதையிலிருந்து பிரித்தெடுத்தவர் வஸ்கிரசென்ஸ்கி என்ற ரஷ்ய வேதியியலாளர். பின்னாளில் மனிதர்களுக்குச் சிறுநீர் பிரிய மருந்தாகவே அதைக் கொடுத்திருக்கிறார்கள். நாயின் உடம்பில் அதில் பாதி கரையவே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாந்தி, நிலைகொள்ளாத அலைச்சல், இதயப் படபடப்பு எல்லாம் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தலைகாட்டும். முற்றினால் வலிப்பு வரும். அதற்குள் மருத்துவரிடம் போய்விட்டால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்; தேவைப்பட்டால் கரித்தூள் மருந்தும் கொடுப்பார்.

கறுப்பு ஏற ஏற ஆபத்தும் ஏறும். பால் சாக்லேட்டில் கிராமுக்கு 2 மில்லிகிராம் தியோப்ரோமின், டார்க் சாக்லேட்டில் 5 அளவுக்கு. கேக்குக்குப் போடும் கொக்கோ தூளிலோ 20-க்கும் மேல். வெள்ளை சாக்லேட்டில் அநேகமாக இல்லை. ஊட்டியிலிருந்து வரும் டப்பாவில் எனக்குப் பயம் சாக்லேட்டைவிட அதில் பதித்த உலர்திராட்சைதான். நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடியது அது.

இதையெல்லாம் கம்பவுண்டரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, டாக்டர்கிட்ட போற வரைக்கும் என்ன கொடுக்கிறது?"

"ஒண்ணும் கொடுக்கக் கூடாதுங்கய்யா. போன் போட்டு, எத்தனை கிலோ நாய், எத்தனை மணிக்குத் தின்னுச்சுன்னு சொல்லணும். மிட்டாய்க் காகிதத்தைக் கையோட எடுத்துக்கிட்டுப் போகணும்."

"கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்க. அது நம்மாளுக்கு வராது, தம்பி" என்றார்.