இருட்டில் நாள் எண்ணுதல்

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. தலைவர், பதிவேடு, தேநீர்ச் செலவுக்கு நிதி என்று எதுவும் கிடையாது. விதி ஒன்று மட்டும் உண்டு: பேசப்படும் உயிருக்கு முதுகெலும்பு இருந்தாக வேண்டும். எறும்பைப் பேசத் தொடங்கினால் மாலை முழுவதையும் எறும்பே தின்றுவிடும் என்பதைப் பல்கலைக்கழக நாட்களிலேயே கண்டுகொண்டிருந்தோம்.

விலங்கியல் படித்தவர்கள்தாம் நாங்கள். ஆயினும் பாடத்தில் தவளை என்பது செரிமான மண்டலம், நரம்பு மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம். மழை பெய்த இரவில் அது ஏன் கத்துகிறது, யாரை நோக்கிக் கத்துகிறது என்பது தேர்வில் வராத கேள்வி. நிக்கோ டின்பெர்கன் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில், எந்த நடத்தையைக் குறித்தும் நான்கு விதமாக ‘ஏன்’ என்று கேட்கலாம் என்றார். எது அதைத் தூண்டுகிறது, அந்த உயிரின் வாழ்நாளில் எப்படி உருவாகிறது, பிழைப்புக்கு எப்படி உதவுகிறது, பரிணாமத்தில் எப்படி வந்தது. வகுப்புக்கு வெளியே, மரத்தடியில், மதிப்பெண் இல்லாமல் கேட்கத்தக்க கேள்விகள் இவை. எங்கள் கூட்டம் பிறந்தது அங்கேதான்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய சிலர் சிங்கவரத்தில் கூடத் தொடங்கினோம். செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர். பல்லவர் குடைந்த குகையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் குன்று. அருகிலேயே திருநாதர்குன்று, ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள். அங்கே ஒரு பழங்கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. எழுத்தமைதி கொண்டு அதை ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டினது என்பர். அதை வாசித்துவிட்டு இறங்கும்போது எங்களில் ஒருவர் கேட்டார்: “அம்பத்தேழுன்னு யார் எண்ணினது? அவரா, பக்கத்துல இருந்தவங்களா?”

வெட்டவெளிப் பாறையில் சூரியனே எண்ணிக்கொடுத்துவிடும் என்று ஒருவர் முடித்துவைக்கப் பார்த்தார். இருண்ட குகைக்குள் என்றால்? மனிதனும் முதுகெலும்பி என்பதால் கேள்வி விதிக்கு உட்பட்டதே.

இந்தக் கேள்விக்கு ஒரு விடை இன்னொரு சமணர் மலையிலிருந்து, மதுரையை அடுத்த கீழக்குயில்குடியிலிருந்து, வந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தையியலை வளர்த்தவர் எம். கே. சந்திரசேகரன். ஜெர்மனியின் டூபிங்கனில், உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடியான எர்வின் பியூனிங்கிடம் பணியாற்றித் திரும்பியவர், 2009இல் மறைந்தார். அவரும் ஜி. மாரிமுத்து முதலான அவர் மாணவர்களும் தங்கள் ஆய்வுக்கூடமாகக் கொண்டது அம்மலையின் ஒளிபுகாக் குகையை. குடியிருந்தவை சிறிய இலைமூக்கு வௌவால்கள். மாலையில் கூட்டமாக வெளியேறி விடிவதற்குள் திரும்புபவை.

ஒரு வௌவாலைத் தனிக்கூண்டில் அடைத்து அக்குகையின் இருளில் வைத்தார்கள். பகலும் இரவும் அதற்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் கூட்டம் புறப்படும் வேளைக்கே அதுவும் சிறகடித்தது, நாள் தவறவில்லை. பிறகு வௌவால்களே இல்லாத குகையில் அவ்வாறே வைத்தார்கள். அங்கும் அதன் கடிகாரம் நிற்கவில்லை. ஆனால் 24 மணிக் கணக்கிலிருந்து நாளுக்கு நாள் விலகி, தன் போக்கில் ஓடத் தொடங்கியது. முன்னதன் நாளைத் திருத்திக்கொடுத்தது சூரியன் அல்ல. போய் வரும் உறவினரின் சலசலப்பு. 1981இல் இது சர்வதேச ஆய்விதழில் வெளியாயிற்று. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களுக்கென்றே தனிமை அறை அமைத்து, கடிகாரமும் வெளியொளியும் இன்றித் தாமே விரும்பி வாரக்கணக்கில் தங்கியவர்களின் உறக்கத்தையும் விழிப்பையும் பதிந்தார்கள்.

கிராமத்துக் குகை, கூண்டு, பொறுமை. இவற்றைக் கொண்டு உலகத்துக்குப் புதிதாக ஒன்றைச் சொல்ல முடிந்திருக்கிறது என்பதே எங்களைப் பெரிதும் ஈர்த்தது. அதே மதுரையில் மாரிமுத்துவும் ஜெர்மானியர் கெர்ஹார்ட் நாய்வைலரும் செய்த இன்னொரு சோதனை, தவளை பிடிக்கும் பெருங்காது வௌவாலைப் பற்றியது. தவளை அசைந்து ஒலி எழும்போது பாய்ந்து பிடிக்கும் அது, அசையாத தவளையைக் கண்டுகொள்வதில்லை. (அன்று மாலை எங்களில் ஒருவர் நெடுநேரம் ஆடாமல் உட்கார்ந்து காட்டினார். கொசுவுக்கு அது பலிக்கவில்லை.)

ஆனால் குகை இருந்தால்தானே ஆய்வு. வடக்கும் தெற்குமாகக் குன்றுகளை உடைத்து ஜல்லியாக்கிக்கொண்டிருக்கும் காலத்தில், கல்வெட்டுள்ள பாறைக்காவது குரல் கொடுக்க ஆள் உண்டு. வௌவால் மட்டுமே உள்ள பாறைக்கு யார் உண்டு? பழந்தின்னி வௌவாலை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர் அட்டவணையில் வைத்திருந்தது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். 2022 திருத்தத்தில்தான் அந்த அட்டவணை நீங்கியது. இருந்தும், குடைவரைக்குள் வௌவால் என்றதும் எச்சமும் நாற்றமும்தான் பேச்சாகின்றன. கம்பிவலை அடிப்பதே தீர்வு என்கிறார்கள். தொல்லியலும் வேண்டும், வௌவாலும் வேண்டும் என்போர் நாங்கள். இரண்டுக்கும் வழி உண்டு என்றே நம்புகிறோம். பறந்து போகுமளவு இடைவெளிவிட்டுக் கிடைமட்டக் கம்பிகள் பொருத்தும் முறை பிற நாடுகளில் வழக்கத்தில் உள்ளதுதான்.

இப்போது நாங்கள் நான்கு பேர். வேலை, திருமணம், வெளியூர் என்று மற்றவர்கள் பிரிந்தார்கள். தனித்தனியே வாசிக்கும்போதும் அதே நூல்கள்தாம். ஆனால் கேள்வி எழுவதில்லை, வந்தாலும் வேளை தப்பி வருகிறது. அடுத்த சந்திப்புக்குச் செஞ்சிக்கோட்டைக் குரங்குகள் என்று ஏற்பாடு. பொட்டலத்தைப் பறிக்குமுன் குரங்கு பார்ப்பது நம் கண்ணையா, கையையா என்பதில் இப்போதே இருவருக்குள் சச்சரவு. வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி வரும் பொறுப்பை மட்டும் இன்னும் ஒருவரும் ஏற்கவில்லை.