மழை இல்லாத வெள்ளம்

கடலை நோக்கிப் புறப்படாத நதி ஒன்று உண்டு என்று சொன்னால், பூகோளப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தோடு மூடி வைத்துவிட்ட பெரியவர்கள் நம்பத் தயங்குவார்கள். ஒகவாங்கோ என்பது அதன் பெயர். அங்கோலா தேசத்து மேட்டு நிலங்களில் பிறந்து, நமீபியாவின் குறுகிய நிலத்துண்டு ஒன்றைக் கடந்து, போட்ஸ்வானாவுக்குள் புகுந்து, அங்கே கலஹாரி மணலில் விரித்த கையைப் போலப் பரவி, வெயிலுக்கும் மண்ணுக்கும் தன்னைக் கொடுத்து மறைந்து விடுகிறது. அது பரவி நிற்கும் சதுப்பு நிலத்தில் யானையும் சிங்கமும் நீர்யானையும் வாழ்கின்றன. அவற்றைக் காண்பதற்குப் பிரயாணத் திட்டம் எப்படிப் போடுவது என்று எழுதுவதே என் உத்தேசம். ஆனால், எப்படிப் போடக் கூடாது என்பதை முதலில் சொல்லி விடுகிறேன். அந்தக் கலையில் எனக்கு நேரடியான அனுபவம் உண்டு.

நானும் என் மனைவியும் ஆறு வருஷம் சேர்த்த பணத்தைக் கொண்டு முதல் தடவை அங்கே போனது ஒரு ஜனவரி மாதத்தில். என் கணக்கு மிகவும் நேர்த்தியான கணக்கு. அந்தப் பிரதேசத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், மழைக்காலத்தில் நதி நிறைந்திருக்கும், நதி நிறைந்தால் சதுப்பு நிலமும் நிறைந்திருக்கும், ஆகவே ஜனவரி. கட்டணமும் அப்போதுதான் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சீட்டு வாங்கிக் கொடுத்த முகவரும் சொல்லவில்லை. ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கும்போது நம்முடைய சாமர்த்தியத்தைப் பற்றிய பெருமைதான் மனத்தில் நிறைகிறதே தவிர, சந்தேகத்துக்கு அங்கே இடமே இருப்பதில்லை.

மவுன் என்னும் ஊரில் விமானத்தை விட்டு இறங்கினோம். ஒகவாங்கோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலோருக்கு அதுதான் வாசற்படி. ஊரின் ஓரமாகத் தமலக்கானே ஆறு ஓடுகிறது என்று படித்திருந்தேன். ஓடவில்லை. தலைக்கு மேலே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றுப் படுகையிலோ அங்கங்கே குட்டைகள் தேங்கி நிற்க, மாடுகள் மேய்ந்து கொண்டிருந்தன. அடுத்த நான்கு நாட்களில் நாங்கள் கண்டது ஆள் உயரப் புல், புல்லுக்கு மேலே தெரிந்த ஒரு யானையின் முதுகு, ஏராளமான மான் குட்டிகள், களிமண் சேற்றில் இரண்டு தடவை புதைந்த எங்கள் வண்டிச் சக்கரம் ஆகியவையே. சிங்கத்தின் குரலைக் கேட்டோம். குரல் வந்த திசையில் இருந்ததும் புல்தான்.

"நீங்கள் சொன்ன வெள்ளம் எங்கே?" என்று கேட்டாள் என் மனைவி.

வண்டி ஓட்டி வந்தவர், அந்த நீர்நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் படகு தள்ளிப் பிழைத்த பயேயி குலத்தவர். அவர் சிரித்துவிட்டு, "வெள்ளம் இன்னும் புறப்படவே இல்லையே, ரா! இப்போதுதான் அங்கோலாவில் மழை பெய்கிறது. அது நடந்து வந்து மவுனைச் சேர ஜூன், ஜூலை ஆகிவிடும்" என்றார்.

(தெலுங்கு தெரிந்த நேயர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். செட்ஸ்வானா பாஷையில் "ரா" என்பது ஆண்களை மரியாதையோடு அழைக்கும் சொல். பெண்களுக்கு "மா". என் மனைவிக்கு அந்த வார்த்தையில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.)

ஆடி மாதத்தில் தஞ்சாவூர் வயல்களில் ஒரு பொட்டு மழை இல்லாதபோது, குடகு மலையில் பெய்த மழையினால் காவிரி பெருகி வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கே இந்த விஷயம் தோன்றாமல் போயிற்று. ஆனால் காவிரிக்கு ஓடத் தெரியும்; ஒகவாங்கோவுக்குத் தவழத்தான் தெரியும். சதுப்பு நிலத்தின் தலைப்பிலிருந்து அடி வரை சுமார் 250 கிலோ மீட்டர் தூரம். அத்தனை தூரத்துக்கும் நிலம் இறங்குவது 60 மீட்டர்தான். அதாவது கிலோ மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சாண் சரிவு! போதாததற்கு, வழியெல்லாம் பாபைரஸ் என்ற உயரமான கோரை அடர்ந்து நின்று தண்ணீரை வடிகட்டி வடிகட்டி அனுப்புகிறது. மார்ச், ஏப்ரலில் போட்ஸ்வானாவின் வட எல்லைக்குள் நுழையும் பெருவெள்ளம் தென்கோடிக்கு வந்து சேர்வதற்குள், அங்கே மழை நின்று, புல் காய்ந்து, காற்றில் புழுதி பறக்கத் தொடங்கி விடுகிறது. வானம் கைவிட்ட நேரத்தில் ஆறு வருகிறது. ஆயிரக்கணக்கான மிருகங்கள் அந்தப் பாலைவனத்தின் நடுவில் பிழைத்திருப்பதன் ரகசியம் இதுதான். வெள்ளத்தைப் பின்பற்றி அவையும் தங்கள் ஆண்டுத் திட்டத்தை வகுத்துக் கொண்டிருக்கின்றன. என் திட்டத்தைவிட அது எவ்வளவோ மேல்.

வந்த ஜலத்தில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் ஆவியாகிப் போய்விடுகிறது. அப்படியானால் அதில் கரைந்திருக்கும் உப்பு எங்கே போகிறது? உப்பு தங்கிவிட்டால் சில நூறு வருஷங்களில் அந்தப் பிரதேசம் உப்பளமாகி இருக்க வேண்டும் அல்லவா? இதற்கு விடை அங்குள்ள தீவுகளில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான தீவுகள், அவற்றில் பலவற்றுக்கு அஸ்திவாரம் போட்டது கறையான்! தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு புற்றின் மேல் பறவைகள் வந்து உட்காருகின்றன; அவை போடும் விதைகள் முளைத்து அத்தியும் பனையுமாக வளருகின்றன. மரங்கள் வேரினால் தண்ணீரை உறிஞ்சிக் கொண்டு, உப்பைத் தீவின் நடுப்பக்கம் மண்ணுக்கடியில் ஒதுக்கி விடுகின்றன. பெரிய தீவுகளின் மத்தியில் ஒன்றும் முளைக்காமல் வெள்ளை பூத்த திடல் கிடப்பது இதனால்தான். சுற்றிலும் ஓடுகிற தண்ணீரோ கையில் அள்ளிக் குடிக்கும்படி தெளிந்திருக்கிறது. வாய்க்கால் வெட்டும் பொறுப்பு நீர்யானையைச் சேர்ந்தது. இரவுதோறும் மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பும் அதன் தடத்தில் கோரை மிதிபட்டு, வழி திறந்து, தண்ணீர் புகுந்து கொள்கிறது. இவ்வளவு பெரிய பாசன ஏற்பாட்டைக் கறையானும் நீர்யானையும் எந்த இலாகாவின் உத்தரவும் இல்லாமல் நடத்தி வருகின்றன.

இரண்டாவது தடவை திட்டம் போட உட்கார்ந்தபோது, எந்த மாதம் போகலாம் என்று நாங்கள் யோசிக்கவில்லை. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முதலில் தீர்மானம் செய்தோம். அதில் வீட்டில் ஒற்றுமை ஏற்படச் சில நாட்கள் பிடித்தன. மிருகங்களை வேண்டிய மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் செப்டம்பரும் அக்டோபரும் உகந்தவை. வெள்ளம் வடிந்து, மிஞ்சிய மடுக்களைச் சுற்றி எல்லாப் பிராணிகளும் கூடிவிடும். ஆனால் அக்டோபர் வெயில் 40 டிகிரியை எட்டும். பறவைப் பித்துக் கொண்டவர்களும் கையில் பணம் குறைந்தவர்களும், விவரம் தெரிந்தே, மழைக்காலத்தில் போகலாம். யானைக் கூட்டம் ஒன்றே போதும் என்பவர்கள் ஒகவாங்கோவை விட்டு வடகிழக்கே சோபே நதிக்கரைக்குப் போவது சிரமமில்லாத வழி. போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள் இருக்கின்றன, உலகத்தில் வேறு எந்தத் தேசத்திலும் இவ்வளவு இல்லை. தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. எனக்குத் தண்ணீர், என் மனைவிக்குச் சிங்கம். கடைசியில் ஜூன் மாதக் கடைசி என்று முடிவாயிற்று. பழைய வண்டிக்காரர் தொலைபேசியில் கொடுத்த யோசனை அது. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை அவரைக் கூப்பிட்டு, "தண்ணீர் எங்கே வந்திருக்கிறது?" என்று விசாரிப்பது எங்கள் வீட்டு வழக்கமாகி விட்டது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிகப் பணம், குறைந்த கூட்டம் என்பது அந்த அரசாங்கத்தின் கொள்கை. வெள்ளக் காலத்தில் தீவுகளிலுள்ள உயர்தர விடுதிகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கே 1,000 டாலருக்கு மேல் ஆகும். எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மவுனில் தங்கி, ஊராரின் படகுகளில் போகலாம். மொரேமி சரணாலயத்தில் கூடாரம் அடித்துக் கொள்ளலாம். அங்கே இரவில் வண்டி ஓட்டவும் பாதையை விட்டு விலகவும் அனுமதி இல்லை. சரணாலயத்துக்கு வெளியே உள்ள காடுகளில் அந்தத் தடை இல்லை. சிறு விமானங்களில் சுமார் 20 கிலோவுக்கு மேல் சாமான் ஏற்ற மாட்டார்கள். அதுவும் மெத்தென்ற பைகளில் இருக்க வேண்டும். கம்பளிச் சட்டை அவசியம். ஜூன் மாத விடியற்காலையில் பல் கிட்டித்துப் போகும். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைக் கேட்க வேண்டும். வழியில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளில் தங்க நேர்ந்தால், ஊசி போட்டுக்கொண்ட சான்றிதழ் இல்லாமல் புறப்படக் கூடாது.

மொரேமியைப் பற்றி இரண்டு வார்த்தை. லிவிங்ஸ்டன் பாதிரியார் 1849-இல் இந்தச் சதுப்பு நிலத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ங்காமி ஏரியைக் "கண்டுபிடித்தார்" என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஏரிக்கரையில் அப்போது குடியிருந்த ஜனங்கள் அதைத் தொலைத்துவிட்டுத் தேடிக் கொண்டிருந்ததாகத் தெரியவில்லை! பின்னாளில் வெளியூர் வேட்டைக்காரர்களால் மிருகங்கள் அருகி வருவதைக் கண்டு, 1963-இல் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைச் சரணாலயமாக ஒதுக்கினவர்கள் பதவானா குலத்தார். அப்போது அவர்களுடைய ஆட்சியை நடத்தி வந்தவர் மூன்றாம் மொரேமியின் மனைவி எலிசபெத் புலானே மொரேமி. தேசம் சுதந்திரம் அடைந்தது 1966-இல்தான். இதைப் படித்ததும் எனக்கு உண்டான உற்சாகம், குவாய் என்ற கிராமத்துக்குப் போன அன்று சற்றுக் குறைந்தது. சரணாலயத்தின் எல்லைக்குள் வாழ்ந்திருந்த புகாக்வே என்னும் வேடுவ ஜனங்களை வெளியேற்றி அங்கே குடியமர்த்தியிருக்கிறார்கள். ஒதுக்கியவர்கள் ஒரு குலத்தார். ஒதுங்கியவர்கள் வேறொரு குலத்தார். இன்று அந்த வேடுவர்களின் பிள்ளைகள் வழிகாட்டிகளாகப் பிழைக்கிறார்கள். பாட்டன் சிங்கத்தின் தடம் பார்த்த இடத்தில், பேரன் சம்பளம் வாங்கிக்கொண்டு தடம் பார்க்கிறான்.

ஒரு காலை முழுவதும் மொகோரோவில் போனோம். மொகோரோ என்பது நீண்டு குறுகிய தோணி. முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள். சுரைக்காய் போலக் காய் தொங்கும் மரம் ஒன்று, நம் ஊர்ப் பூங்காக்களிலும் காணலாம், அதற்கு ஏற்றது. மரங்கள் அழிவதைத் தடுக்க இப்போது பெரும்பாலும் கண்ணாடி இழையில் வார்க்கிறார்கள். தோணிக்காரர் பின்னால் நின்றுகொண்டு நீண்ட கழியால் தள்ளுகிறார். நாம் முழங்காலைக் கட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம். சத்தமே இல்லை. அல்லி இலைகள் தோணியின் விலாவில் உரசும் ஓசை மட்டும் கேட்கிறது. இலைக்கோழி ஒன்று இலை விட்டு இலை தாவி நடந்தது. செந்நிற லெச்வே மான்கள் முழங்கால் தண்ணீரைச் சிதற அடித்துக்கொண்டு பாய்ந்தன. சிங்கத்தையே நினைத்துக் கொண்டிருந்த என் மனைவி, கோரைத் தண்டில் ஒட்டியிருந்த கட்டைவிரல் நகம் அளவு தவளை ஒன்றைக் கால் மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். எதிரே ஆழமான மடு. தோணிக்காரர் கழியை ஊன்றி நின்று, காது கொடுத்துக் கேட்டு, வந்த வழியே திருப்பினார். "உள்ளே ஆள் இருக்கிறது" என்றார். ஆள் என்று அவர் சொன்னது நீர்யானையை!

அந்த வாரம் பேச்சு வாக்கில் வண்டிக்காரர் சொன்ன ஒன்று என்னை விட்டு அகலவில்லை. "தண்ணீர் எங்களுடையதில்லை, ரா. அங்கோலாக்காரர்கள் விட்டால் வரும்." அங்கே 1975 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் புதைத்த கண்ணிவெடிகள் நதியின் ஊற்றுப் பிரதேசத்தில் ஆட்களை அண்ட விடாமல் செய்தன, கோரமான அந்தக் காவலில் காடுகள் தப்பின. சமாதானம் வந்தபின் வயலும் அணையும் சாலையும் வேண்டும் என்று அந்த ஜனங்கள் நினைப்பது நியாயந்தான். நமீபியாவில் நதிக்கரைப் பிரதேசத்தில் எண்ணெய் தேடித் துளை போட்டார்கள். மூன்று தேசங்களும் கூடிப் பேச 1994 முதல் ஒரு நதிநீர்க் கமிஷன் இருக்கிறது. 2019-இல் யாரும் அணை கட்டாமலே, மழை பொய்த்ததால் வெள்ளம் மிகவும் மெலிந்து போயிற்று. அந்த நாட்டில் நாணயத்துக்குப் பெயர் "புலா". புலா என்றால் மழை.

எங்களுக்கு ஒரே நாள் மிச்சமிருந்தது. மவுனில் ஆறு இன்னும் வறண்டு கிடந்தது. மறுநாள் பொழுது விடிவதற்கு முன் வண்டிக்காரர் கதவைத் தட்டினார். ஊரில் பாதிப் பேர் படுகையில் கூடியிருந்தார்கள். மணலின் மீது ஒரு முழ அகலத்தில் பழுப்பு நிற நாக்கு ஒன்று நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் சருகும் நுரையும்; அதற்கும் முன்னால் உயிருக்குத் தப்பி ஓடும் எறும்பும் வண்டும்; அவற்றைக் கொத்தும் பறவைகள். என் மனைவி அதன் கூடவே நடந்து பார்த்துவிட்டு, "நம்மோடு நடக்கக்கூட இதனால் முடியவில்லையே, இவ்வளவு தூரம் எப்படி வந்தது?" என்றாள்.

ஒரு சிறுவன் ஓடிப் போய் அதற்கு முன்னால் பத்தடிக்கு ஒன்றாக மூன்று குச்சிகளை நட்டான். நாங்கள் கரையில் உட்கார்ந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் முதல் இரண்டு குச்சிகளும் நனைந்து சாய்ந்தன. எங்கள் விமானம் பகல் பன்னிரண்டு மணிக்கு. மூன்றாவது குச்சி விழும் வரையில் இருந்துவிட்டுத்தான் எழுந்தோம்.