ஃபோமட் அடிக்க முன் ஒரு நிமிஷம்!



கடந்த வாரம் எங்கள் பாடசாலை அலுவலகக் கொம்பியூட்டர் திடீரென எழும்ப மறுத்தது. தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யூபீஎஸ் பற்றரி பழசு, அதுவும் கைவிட்டது. கரண்ட் வந்து பட்டனை அழுத்தினால் நீலத் திரை. 'பேட் சிஸ்டம் கொன்பிக் இன்போ' என்று ஒரு வரி. எத்தனை தடவை போட்டாலும் அதே.

உள்ளே இருந்தவை பிள்ளைகளின் மூன்று வருடப் புள்ளிகள். வேறெங்கும் பிரதி இல்லை. அது எங்கள் தவறுதான்.

கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். "ஃபோமட் அடிக்கணும் சேர், உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் போகும்" என்றார்கள். மனம் கேட்கவில்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு கெலிஓயாவுக்கே பஸ் ஏறினோம்.

எங்களிடம் படித்த மாணவர் ஒருவர் அஸருக்குப் பிறகு வந்து பார்த்தார். "சேர், டிஸ்க் நல்லாத்தான் இரிக்கி. ரெஜிஸ்ட்ரிதான் உடைஞ்சிரிக்கி. ஃபைல் ஒண்டும் போகல்ல" என்றார். அப்போதுதான் மூச்சு வந்தது.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பதிவேடு. எழுதும் நேரம் கரண்ட் போனால் அது பழுதாகலாம். அலுவலகத்தில் சாவிப் புத்தகம் நனைந்துவிட்ட மாதிரி. வகுப்பறை திறக்காது, ஆனால் அலுமாரிக்குள் கொப்பிகள் அப்படியேதான் இருக்கும்.

நாங்கள் செய்தவை, யாருக்காவது உதவட்டும்:

1. வேறொரு கொம்பியூட்டரில் மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் இன்ஸ்டோல் பென் ஒன்று தயாரித்தோம். 8 ஜீபீ போதும். பென்னில் இருப்பது அழியும், வெறும் பென்னாக எடுங்கள்.

2. அதிலிருந்து பூட் செய்து, 'இன்ஸ்டோல்' என்பதைத் தொடாமல் 'ரிப்பெயார் யுவர் கொம்பியூட்டர்' போய், கமாண்ட் ப்ரொம்ப்டில் நோட்பேட் என்று டைப் செய்தோம். அதன் 'ஓபன்' பெட்டியில் 'ஓல் ஃபைல்ஸ்' கொடுத்தால் டிரைவில் உள்ளவை தெரியும். புள்ளிகள் இருந்த ஃபோல்டரை அங்கிருந்தே இன்னொரு பென்னுக்குக் கொப்பி எடுத்தோம். முதல் வேலை இதுதான், திருத்துவது பிறகு.

3. முன்பு ரெஜிஸ்ட்ரியின் பிரதி 'ரெக்பெக்' ஃபோல்டரில் தானாகச் சேரும். 2018இல் வந்த விண்டோஸ் 10, 1803 பதிப்போடு அது நின்றுவிட்டது. எங்களுடையதிலும் எல்லாமே 0 கேபீ. பழைய வீடியோவைப் பார்த்து அந்த வெற்று ஃபைல்களைக் கொப்பி செய்துவிடாதீர்கள்.

4. கடைசியாக 'சிஸ்டம் ரெஸ்டோர்'. அப்டேட் ஒன்றின்போது உருவான ரெஸ்டோர் பொயின்ட் இருந்தது. இஷா பாங்கு சொல்லும் நேரம் லொகின் திரை வந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

2024 ஜூலை 19ஆம் திகதி ஞாபகமா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கொம்பியூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. விமானங்களும் நின்றன. அவற்றிலும் பெரும்பாலும் ஒரு ஃபைலை அழித்ததும் சரியானது. எழும்பாத கொம்பியூட்டர் எல்லாம் செத்த கொம்பியூட்டர் அல்ல.

மாணவருக்குக் காசு நீட்டினோம், வாங்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக.

பிள்ளைகளின் புள்ளிகள் எங்கள் கையில் உள்ள அமானிதம். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் வீட்டுக்குப் போக முன் இரண்டு பென்களில் கொப்பி எடுக்கிறோம். ஒன்று அதிபரின் அலுமாரியில், மற்றது பாடசாலைக்கு வெளியே. சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் ஓனில் இருக்கிறதா என்று உங்கள் வீட்டுக் கொம்பியூட்டரிலும் இன்றே பாருங்கள்.