தூரம் பூஜ்யமானால்?

1985 வாக்கில் ஒரு பிளஸ் டூ வகுப்பு. கரும்பலகையில் கூலூம் விதியை எழுதி, "இரண்டு மின்னூட்டங்களுக்கு நடுவில் தூரம் பாதியானால் விசை நான்கு மடங்காகும்" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், தூரம் பூஜ்யமானா?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் விடை தெரியாது. "போர்ஷன்ல இல்லாததைக் கேட்காதே, உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, பொழுது போக வேண்டுமே என்று மறுபடி இயற்பியல் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவன் கேட்டது மேதைகளின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி என்று. எலெக்ட்ரானை வெறும் புள்ளியாக எடுத்துக்கொண்டால், அதன் மின்புலத்தின் ஆற்றல் முடிவிலியாகிவிடுகிறது. 1940களின் கடைசியில் டோமோனாகா, ஷ்விங்கர், ஃபெயின்மன் மூவரும் இத்தகைய முடிவிலிகளைக் கணக்கில் ஓரங்கட்டி, சோதனையோடு பொருந்தும் விடைகளைப் பெற வழி கண்டார்கள். 1965-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

டோமோனாகாவின் வகுப்புத் தோழர் ஹிடேகி யுகாவா. 1949-இலேயே நோபல் பெற்றவர். கோளாறு அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது என்று அவர் நினைத்தார். 1950-இல் 'இடம்சாராப் புலம்' பற்றி எழுதினார். சாதாரணப் புலத்துக்கு ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்பு உண்டு. அவருடைய புலமோ இரண்டு புள்ளிகளைச் சேர்த்தே பேசும். வாசலில் வைக்கும் கோலப்புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி என்றுதான் சொல்கிறோம், ஆனால் மாவு கொஞ்சம் பரவித்தானே இருக்கிறது? அப்படிப் பரவியிருந்தால் முடிவிலியின் கூர்மை மழுங்கிவிடும்.

ஆனால் சார்பியலில் இடமும் காலமும் பிரியாதவை. இடத்தில் பரவினால் காலத்திலும் பரவும். அப்புறம், காரணத்துக்கு முன்பே விளைவு வந்து நிற்கும் ஆபத்து. யுகாவா பல ஆண்டுகள் போராடியும் அது முழுமையான கோட்பாடாகவில்லை. ஈர்ப்பு விசை ஆராய்ச்சியில் சிலர் இன்றும் இந்த வழியில் முயல்கிறார்கள்.

நோபல் வாங்கியவரே பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய விஷயம். நான் ஒரே அதட்டலில் முடித்துவிட்டேன். "எனக்குத் தெரியலப்பா, யோசிப்போம்" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். எங்காவது பார்த்தால் சொல்ல வேண்டும்: "நீ கேட்டது நல்ல கேள்விப்பா. அன்னைக்கு எனக்குத்தான் விடை தெரியல."