"இறுதி", "புதிய இறுதி", "இதுதான் இறுதி"

தேர்ச்சி அறிக்கை கொடுத்த மறுநாள் ஒரு உம்மா பாடசாலைக்கு வந்தார். தரம் 10இல் படிக்கும் மகளுக்கு டெங்கு. 9 பாடங்களில் ஒன்றுக்குத் தோற்றவில்லை. அதற்குப் பூச்சியம் விழுந்து, 81 ஆக இருக்க வேண்டிய சராசரி 72 ஆகியிருந்தது. பிள்ளை அழுதழுது சாப்பிடவும் இல்லையாம்.

ஆனால், வராத பாடத்தைச் சராசரியில் சேர்ப்பதில்லை என்று முந்திய தவணையிலேயே மென்பொருளைத் திருத்தியிருந்தோமே!

அந்தப் புள்ளி மென்பொருளை எக்செஸில் செய்தவர்கள் நாங்கள் மூன்று ஆசிரியர்கள்தான். மூன்று மடிக்கணினி, இரண்டு பென் டிரைவ், தலைப்பில் உள்ளதுபோல ஆறு கோப்புகள். திருத்தம் ஒன்றில் இருந்தது, அச்சிட்டது வேறொன்றில். எது எப்போது பிரிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் நாங்கள் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசவும் இல்லை.

பிறகுதான் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளொன்று தேவை என்று உட்கார்ந்தோம். சப்வேர்ஷனா, கிட்டா?

சப்வேர்ஷனில் ஒருவர் கோப்பைப் பூட்டிவிட்டு வேலை செய்யலாம். எக்செஸ் கோப்புக்கு அது நல்லது. ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் மத்திய சேர்வரைத் தொட வேண்டும். எங்கள் இணைய இணைப்பை நம்பி அதைச் செய்ய முடியாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் வேலைக்காக உருவாக்கிய கிட்டில் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். இணையம் இல்லாமலே பதியலாம், பிறகு சேர்க்கலாம்.

அதனால் கிட்டை எடுத்தோம். எடுத்த பிறகுதான் மூன்று விடயம் புரிந்தது.

ஒன்று, எக்செஸ் கோப்பு கட்டிய பொட்டலம் மாதிரி. உள்ளே எந்த வரி மாறியது என்று கிட் காட்டாது. எனவே மைஎஸ்கியூஎல்லுக்கு மாறி, அட்டவணைகளின் அமைப்பைச் சாதாரண எழுத்துக் கோப்புகளில் எழுதினோம்.

இரண்டு, நிரலில் பிழைத்தால் பழையதற்குத் திரும்பலாம். தரவுத்தளத்தில் ஒரு நிரலை அழித்தால் அதிலிருந்த புள்ளிகள் கிட்டால் திரும்பி வராது. ஆகவே அமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 001, 002 என்று இலக்கமிட்ட கோப்பு. பழைய கோப்பைத் தொடுவதில்லை. பிழையென்றால் அடுத்த இலக்கத்தில் திருத்தம். எந்த இலக்கம் வரை ஓடியது என்பதைத் தரவுத்தளத்திலேயே ஒரு சிறு அட்டவணை சொல்லும்.

மூன்று, பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் கிட்டுக்குள் போகவே கூடாது. பிறகு அழித்தாலும் வரலாற்றில் கிடக்கும். அவை அமானிதம். அவற்றுக்குத் தனியாக பெக்கப் எடுக்கிறோம்.

அந்த உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, திருத்திய அறிக்கையைக் கையில் கொடுத்தோம். கிட்டில் நாங்கள் எழுதிய முதல் பதிவுக் குறிப்பு: "வராத பாடம் சராசரியில் சேராது. மூவரும் சேர்ந்து முடிவெடுத்தது."

உங்கள் பாடசாலையிலும் "இதுதான் இறுதி" என்று ஒரு கோப்பு இருந்தால், அடுத்த தவணைக்கு முன் ஒருக்கா யோசியுங்கள். பழகிக் கொடுக்க நாங்கள் வருகிறோம்.